பூரணிக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் பூரணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, தைலம் தேய்த்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வருகிறாள். சாரல் ஆரம்பித்துவிட்டது, ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் போர்வை தேட வேண்டியிருக்கிறது. நீ போன் செய்து இன்றோடு 23 நாள் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

நீ செய்த மொழியைப் பற்றிச் சித்திரையில் அனுப்பிய 14 பக்கத்தைப் படித்து முடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான். போனில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். ஒரு விளையாட்டில் வரும் கற்பனை மலைக்காரர்களுக்கு எதற்கு ஒரு முழு மொழி என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாம் பக்கம் வந்தபோது நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்துவிட்டேன். கண்ணைக் கவனித்துக்கொள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

பனிமூட்டம் கலையாத மலை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதைச் சொன்னாலும் அது தமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் வினைச்சொல்லிலேயே சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறாய். கண்ணால் பார்த்ததற்குத் 'தூ', பிறர் சொல்லக் கேட்டதற்கு 'மெ', ஊகத்துக்கு 'ஓய்'. கண்டேன் என்றாலே நடந்து முடிந்ததுதானே, அதனால் 'தூ' வந்த இடத்தில் இறந்தகாலம் தனியாக வேண்டாம் என்று ஆறாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் பூரணி எழுதியதா என்று கேட்டு அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவரிடம், எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்காமல் பேனாவைக் கொடுத்ததில்லை. ஊரெல்லாம் சொன்னாலும் அது சாட்சி ஆகாது. துருக்கி மொழியில் கேள்விப்பட்டதைச் சொல்ல 'மிஷ்' என்று வினைக்குப் பின்னால் ஒட்டுவார்கள் என்று நீ குறிப்புப் போட்டிருந்தாய். அவ்வளவு தூரம் போவானேன், நம்மிடமே 'ஆம்' இருக்கிறதே. வந்தானாம், போனாளாம். அதை நீ ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது.

இப்போது உன்னைப் பற்றி என்னிடம் இருப்பதெல்லாம் அந்த 'ஆம்'தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டாளாம். வீடு மாறிவிட்டாளாம். விளையாட்டுக் கம்பெனிக்கு மொழி செய்து கொடுப்பதுதான் இனி வேலையாம். உன் சித்தப்பா மகன் கல்யாண வீட்டில் போகிற போக்கில் சொன்னான், நான் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அப்புறம்தான் இந்த மாதிரி மொழி செய்தவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதை எழுதிய டோல்கீன் இருக்கிறாரே, அவருக்குச் சின்ன வயதில் லத்தீன் சொல்லிக்கொடுத்தது அவர் அம்மாதானாம். பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போன இடத்தில் நூலகத்தில் ஒரு ஃபின்னிஷ் இலக்கணப் புத்தகம் கிடைத்து, அதன் ஓசையில் மயங்கிப்போய்த் தானே ஒரு மொழி கட்ட ஆரம்பித்து, பாடத்தைக் கோட்டைவிட்டு இடைத்தேர்வில் இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். அதற்காக விட்டுவிடவில்லை, சாகும்வரை அந்த மொழிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஆனால் பேராசிரியர் வேலையில் இருந்துகொண்டுதான் செய்தார், பார்த்தாயா. ஸ்டார் ட்ரெக் படங்களுக்குக் கிளிங்கான் மொழியைச் செய்த மார்க் ஓக்ராண்ட், மனுஷர் பேசுவது போலவே இருக்கக் கூடாது என்று செயப்படுபொருளை முதலிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார், 1985இல் அகராதியே போட்டார். அவருக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வரிகள் போடும் நிறுவனத்தில் வேலை இருந்தது. அவதார் படத்துக்கு நாவி மொழியைச் செய்த பால் ஃப்ரோமர் பிசினஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அந்த நாவிக்காரர்களுக்குக் கைக்கு நாலு விரல்தான் என்பதால் எட்டு எட்டாக எண்ணுகிறார்கள், நம்மைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு என்று பிரிக்கிறார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, ஆனாலும் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர் சோற்றுக்கு என்ன வேலை பார்த்தார் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் வரும் டோத்ராக்கி மொழியைச் செய்யும் வேலையைப் போட்டி வைத்துத்தான் கொடுத்தார்கள், அதில் ஜெயித்த டேவிட் பீட்டர்சன் அதிலேயே நின்றுவிட்டார். நம் மதன் கார்க்கியே அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்தான், பாட்டெழுத வந்து, பாகுபலிக்குக் கிளிக்கி மொழியையும் உண்டாக்கினார். உனக்கும் அமையலாம். வாடகை மாதாமாதம் போகிறதா? சாப்பாட்டை வெளியில் வாங்காதே. ராத்திரி கண் விழிக்காதே.

உன் மொழியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கிழவர்கள் 'தெலூமா' என்று சொல்லும் கதவு, பேரன் பேத்திகள் வாயில் 'தெல்ம' ஆகி, சந்தைக்காரர்களிடம் வெறும் 'தெம்' ஆகிவிடுகிறது என்று காட்டியிருக்கிறாயே, அதுதான் இந்த 14 பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வெற்றிலை வெத்தலை ஆனது மாதிரி, உன் சொல்லும் பல வாய் பட்டுத் தேய்ந்திருக்கிறது. புதிதாகச் செய்த பாத்திரத்தில் நாலு தலைமுறை கை பட்ட வழவழப்பு எப்படி வந்ததோ. இன்னொன்று, ஒன்பதாம் பக்கத்தில் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அத்தைக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறாய். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது என்று நீயே மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு இது எப்படிச் சரியாகும்? அங்கே அத்தை என்று தனியாக ஒரு சொல் இல்லாமல் பிழைப்பு நடக்காது. யோசித்துப் பார்.

அத்தை என்றதும் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசனை.

எல்லா நாட்டாரும் பொதுவாகப் பேச எஸ்பெரான்டோ மொழியை உண்டாக்கினாரே சமன்ஹாஃப், கண் டாக்டர், அவர் கதையைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு மொழி செய்து, 1878இல் சிநேகிதர்களோடு சேர்ந்து அதில் பாட்டுப் பாடிக் கொண்டாடியிருக்கிறார். மருத்துவம் படிக்க மாஸ்கோவுக்குப் போகும்போது அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். படிப்பு கெட்டுவிடும் என்று பயந்து அந்த அப்பா அதையெல்லாம் எரித்துவிட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். மகன் ஞாபகத்திலிருந்து மறுபடியும் எழுதி, 1887இல் வார்சாவில் சின்னப் புத்தகமாகப் போட்டார். அந்த அப்பாவும் மொழி சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான், விஷயம் தெரியாதவர் இல்லை.

உன் பிரவுன் அட்டை போட்ட 200 பக்க நோட்டை நான்தான் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். நீயும் சங்கரியும் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியது. முதலில் எல்லாப் பிள்ளைகளும் பேசுகிற 'க' பாஷைதான், 'கநீ கவா' என்று எழுத்துக்கு முன்னால் க போட்டுப் பேசிக்கொண்டு எங்களைச் சுற்றி வருவீர்கள். எட்டாம் வகுப்பில் அது போதவில்லை என்று நீங்களே எழுத்து போட்டு, மழைக்கு மட்டும் பதினோரு சொல் வைத்து, இரண்டு பேரும் அடித்துத் திருத்தி எழுதிய நோட்டு. பிளஸ் டூ அரையாண்டில் உனக்குக் கணக்கில் மார்க் குறைந்த அன்று, நீ டியூஷன் போயிருந்தபோது பழைய டைரிகளோடு அதையும் சேர்த்து எடையில் வைத்தேன். தராசில் ஏறியபோது அட்டை விரிந்து உன் கையெழுத்து தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

நீ வந்து தேடினபோது என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? 'சங்கரி எடுத்துட்டுப் போனாளாம், அம்மா சொன்னா.' எடுத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு 'ஆம்' போட்டு, அதையும் அம்மா தலையில் வைத்தேன். அம்மாவுக்கு அன்று எதுவும் தெரியாது, அப்புறம் தெரிந்தும் எனக்காக வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீயும் சங்கரியும் பேசவில்லை, அத்தை வீட்டுக்கும் நமக்கும் அந்தத் தீபாவளியோடு போயிற்று. கொடுக்கல் வாங்கல்தான் காரணம் என்று நானும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உனக்குப் படிப்பு போய்விடுமே என்று பயந்தேன் என்று சொல்லலாம், அந்தப் பயம் உண்மைதான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் என் முன்னால் பேசுவது எனக்குப் புரியவில்லை என்ற எரிச்சலும் இருந்தது. ஊருக்கே எழுதிக் கொடுக்கிறவன், என் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

மழைக்கான சொற்களில் ஒன்று கூடவா இந்த 14 பக்கத்தில் இருக்காது என்று தேடினேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சங்கரிக்குத் தெரிந்திருக்கும். அவள் இப்போது மதுரையில் இருக்கிறாள், நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. அத்தையிடம் நான் வருகிற வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

வேலை விஷயமாக நீயாகச் சொல்கிறவரை நான் கேட்க மாட்டேன். ஏதாவது வேண்டுமென்றால் அம்மா கணக்கில் இருக்கிறது, யோசிக்காதே. முறுக்கும் பருப்புப் பொடியும் கூரியரில் வரும், பழைய விலாசத்துக்கா புதியதற்கா என்று மட்டும் ஒரு வரி எழுது. கண்ணாடி பவர் பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, போய்ப் பார்.

உன் சொல்பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். நான், நோட்டு, கொடு என்ற மூன்றையும் பதினோராம் பக்கத்திலிருந்து எடுத்தேன், விகுதியைப் போடும்போது மட்டும் யோசிக்கவில்லை.

இன் காசெ லுவதூ.

தப்பு இருந்தால் திருத்தி அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா