தடத்தோரப் பள்ளத்துக்குச் சிமெண்ட் பூசச் சொன்ன நிபுணருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில், மழைக்கு முன்பு தோட்டத்தில் பார்க்க வேண்டிய வேலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மோட்டார் அறை, மாட்டுக் கொட்டகை, தீவனப் போர் பற்றி எழுதியதெல்லாம் சரி. கடைசிப் பத்தியில், ரோட்டிலிருந்து சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வரும் தடத்தின் ஓரப் பள்ளம் அரித்துக்கொண்டு போனால் பொக்லைன் விட்டு ஆழமாக வெட்டி, உள்ளே சிமெண்ட் பூசிவிடுங்கள், அத்தோடு தொல்லை விட்டது என்று ஒரே வரியில் முடித்திருந்தார் உங்கள் நிபுணர். பெரிய மனிதர், ஒரு வரிக்கு மேல் நேரம் கிடைத்திருக்காது. அந்த ஒரு வரியை நம்பினால் எங்களுக்குப் பல லோடு செம்மண் போய்விடும்.

எங்கள் சாளை சென்னிமலைப் பக்கம், மேட்டுக்காட்டில் இருக்கிறது (காடு என்றால் எங்களுக்கு மானாவாரி நிலம்). தார் ரோட்டிலிருந்து உள்ளே வர நீளமான தடம். ரோட்டை நோக்கி நல்ல இறக்கம். வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் சீமையில் வடிகாலைப் பற்றி என்ன பேச்சு என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கலாம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வறண்ட சீமை என்பதால்தான் தொல்லையே. பங்குனி சித்திரையில் புல் காய்ந்து, ஆடு மேய்ந்து, ஆடிக் காற்று மிச்சத்தையும் கிளப்பிக்கொண்டு போனபிறகு, ஐப்பசியில் பெருமழை வெறும் மண்ணில் வந்து விழுகிறது. பிடித்துக்கொள்ள ஒரு வேர் கிடையாது.

எங்களுக்குக் கீழ்த்தோட்டத்து மச்சான் சில வருஷங்களுக்கு முன்பு இதே யோசனையை எங்கோ கேட்டுவிட்டுத் தடத்தோரம் முழுக்கச் சிமெண்ட் வாய்க்கால் போட்டார். முதல் மழைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிமெண்ட் முடிந்த இடத்தில்தான் அதன் கைவரிசை தெரிந்தது. ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவு குழி. அப்புறம் காட்டிலிருந்து பக்கவாட்டில் வந்த தண்ணீர் சிமெண்டுக்கு வெளிப்புறமாகவே ஒரு வழி கண்டுபிடித்து அடிமண்ணைக் கரைத்தது. சிமெண்ட் பலகை பலகையாக அந்தரத்தில் தொங்கியது. இன்றைக்கும் தொங்குகிறது. உங்கள் நிபுணர் வந்தால் காட்டலாம், காபித் தண்ணியும் கொடுப்போம்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. புல் முளைத்த பள்ளத்தில் ஓடும் தண்ணீர், அதே இறக்கத்தில் அதே ஆழத்தில் சிமெண்டின் மேல் ஓடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால், அந்தத் தண்ணீரால் உருட்ட முடிகிற கல்லின் எடை 64 மடங்கு கூடும். நாலும் இல்லை, எட்டும் இல்லை, 64. நீரியல் பாடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே வேகத்தைக் கொல்வதுதான் வேலை. நிபுணர் அதை ஏற்றிவிடச் சொல்கிறார்.

இந்தச் சீமைக்கு இது புதுச் சேதியா? காலிங்கராயன் வாய்க்காலை 1283-இல் வெட்டி முடித்ததாகச் சொல்வார்கள். பவானிக்குப் பக்கத்தில் தொடங்கி 56 மைல் வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன வழியில் வெட்டினார்கள் என்று கதை. கதை கிடக்கட்டும். வளைந்து போனால் இறக்கம் குறையும், இறக்கம் குறைந்தால் வேகம் குறையும் என்பது தெரிந்தவர் யாரோ அன்றைக்கே இருந்திருக்கிறார். நம் காலத்தில் என்ன நடந்தது? 200 கிலோமீட்டர் கீழ்பவானி மண் வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். கசிவு நீரை நம்பிக் கிணறு வைத்திருப்பவர்கள் உண்ணாவிரதம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அப்போது நீங்கள் இரண்டு தரப்பையும் எழுதினீர்கள், நன்றி. ஆனாலும் மண்ணைப் பார்த்தாலே சிமெண்ட் மூட்டையைத் தேடும் இந்தப் பழக்கத்தை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று விசாரித்து ஒரு கட்டுரை போடலாம்.

'ஆழமாக வெட்டி' என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறதே. பொக்லைன் வாளி செங்குத்தாக வெட்டும். செங்குத்துக் கரை முதல் அடைமழைக்கே சரிந்து விழும், விழுந்த மண்ணைத் தண்ணீர் கொண்டுபோகும், மறுபடி கரை செங்குத்தாக நிற்கும். தடம் பாதியாகும் வரைக்கும் இது ஓயாது. பள்ளம் ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது மேல். ஒரு அடி ஆழம் என்றால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி சாய்த்து, அடியைத் தட்டையாக விட வேண்டும். தண்ணீர் பரந்து, மெல்லப் போகும். புல்லும் பிடிக்கும்.

புல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ரோட்டோரப் பள்ளத்தில் அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். வருஷா வருஷம் சரியாகத் தீபாவளிக்கு முன்பு பொக்லைன் வந்து அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டுப் போகும். பில் போட வேண்டுமல்லவா? ஒரு தடவை நிறுத்திக் கேட்டேன். "ஏனுங்க, பள்ளம் எடுக்கச் சொன்னாங்க, எடுக்கறனுங்க. புல்லு கணக்கு எனக்குத் தெரியாதுங்க" என்றார் டிரைவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புல்லை வெட்டிக் கட்டையாக வைத்தால் போதும், வேரோடு எடுக்காதீர்கள் என்று எழுதி மனுக் கொடுத்தேன். மனுவுக்கு ரசீது உண்டு. அடுத்த தீபாவளிக்கும் பொக்லைன் வந்தது.

பள்ளத்தில் கல் போடுவதிலும் இதே லட்சணம்தான். தடுப்பு என்ற பெயரில் கல்லைக் குறுக்கே ஒரே மட்டமாக அடுக்கிவிட்டுப் போகிறார்கள். மட்டமாக இருந்தால் தண்ணீர் நடுவில் தாண்டாது, இரண்டு முனையையும் சுற்றிக்கொண்டு கரையையும் தடத்தையும் தின்னும். நடுப்பகுதி முனைகளைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். முனைகளைக் கரைக்குள் தோண்டிப் புதைக்க வேண்டும். தண்ணீர் விழுகிற இடத்தில் நாலு பெரிய கல்லைப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கே குழி விழுந்து தடுப்பே உருண்டுவிடும். ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கும் கணக்கு உண்டு: கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் காலோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 100 அடிக்கு 5 அடி இறக்கம் என்றால், ஒரு அடி உயரத் தடுப்பை 20 அடிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து ஒரு காலையில் அளந்துவிடலாம். எங்கள் தடத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறோம். மேல்பக்கம் தேங்கிய வண்டலில் புல் தானாக வந்துவிட்டது. சில இடங்களில் தண்ணீரைத் தடத்தைவிட்டுக் காட்டுக்குள் திருப்பி விட்டிருக்கிறோம். அத்தனை தண்ணீரையும் ஒரே பள்ளத்தில் ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று என்ன சட்டம்? காடு குடித்துவிட்டுப் போகட்டுமே.

எங்கள் தடத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். தடம் ரோட்டில் சேரும் இடம் எங்கள் கையில் இல்லை. தடத்துக்கு அடியில் ரோட்டோரத் தண்ணீர் போக ஒரு குழாய் பதித்தார்கள். அரை அடிக் குழாய்! ஒரு தென்னை மட்டை வந்து விழுந்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் எங்கள் தடத்தின் மேலேறி, கொட்டிய சரளையை வாரிக்கொண்டு போகிறது. ஒன்றரை அடி ஹியூம் பைப் (காங்கிரீட் குழாய்) போட்டு, வெளிவாயில் கல் பதிக்கச் சொன்னால், எஸ்டிமேட்டில் இல்லை என்கிறார்கள். அரை அடிக் குழாய் எந்த எஸ்டிமேட்டில் இருந்தது?

போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக்கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தினார். நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள், வெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் ரோட்டுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. ரோடு ஏற ஏற எங்கள் தடத்து வாய் குழியாகிக்கொண்டே போகிறது.

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் சாளைக்கு வர இட்டேரிதான், உயிர்வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம். இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் ஆவாரையும் அடர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் இட்டேரிக்குள்தான் ஓடும், ஆனாலும் வேலி வேர் கரையை விட்டுக்கொடுக்காது. இப்போது வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். இதிலும் ஒரு நிபுணர் இருந்தார், உயிர்வேலியில் பாம்பு வரும் என்று எழுதினார். எந்தப் பத்திரிகை என்று சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே குழாயைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும். அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம் கிடைத்திருந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த சிமெண்ட் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்தில் கல் தடுப்பின் படம் ஒன்றை, தபால் கார்டு அளவுக்காவது, போடுங்கள். நடுப்பகுதி தாழ்ந்திருப்பது தெளிவாகத் தெரியட்டும். போன தடவை சொட்டுநீர்ப் படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தீர்கள், அதனால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் வந்தால் உபயோகப்படும். கார்த்திகையில் வந்தால் கல் அடுக்கப் பள்ளத்துக்குள் இறங்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
சென்னிமலைப் பக்கம், ஈரோடு மாவட்டம்.