லண்டனிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பேருந்து விடுகிறவர்களுக்கு

வணக்கம்.

நம்மூர்க்காரர்களைப் பத்து நாளில் இங்கிலாந்து சுற்றிக்காட்டும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

மூன்று வருடத்துக்கு முன் உங்களில் ஒருவரின் பேருந்தில் நானும் என் கணவரும் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு போனோம். காலையில் ஆக்ஸ்ஃபோர்டு, மத்தியானம் ஷேக்ஸ்பியர், ராத்திரி சாப்பாட்டுக்கு லண்டன். ஹென்லி தெருவில் இறக்கிவிட்டு, "ஒன்றேகால் மணி நேரம்தான்" என்றார் வழிகாட்டி. பிறந்த வீட்டுக்குள் போய் வரவே முக்கால் மணி ஆகிவிட்டது. மிச்ச நேரத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கினோம்.

வீட்டைக் குறை சொல்லவில்லை. கையுறை செய்து விற்ற ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான், தெருவில் குப்பைமேடு சேர்த்ததற்காக 1552-இல் அபராதம் கட்டிய தெரு அது. பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றில் வந்தவர் போனவரெல்லாம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர்கள் வால்டர் ஸ்காட்டும் கார்லைலும்கூட! நாம் கோயில் தூணில் கிறுக்கினால் திட்டு. அங்கே அது காட்சிப்பொருள். தோட்டத்தில் தாகூரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் காட்டவில்லை.

போன வருடம் லண்டன் மேரிலிபோன் நிலையத்தில் ரயிலேறி நாங்களாகவே போய் ஒரு ராத்திரி தங்கினோம். அப்போதுதான் தெரிந்தது, ஹென்லி தெருவிலிருந்து கிளம்பி நடந்துகொண்டே இருந்தால் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை முழுக்க வழியில் வந்துவிடுகிறது. 1597-இல் அவர் வாங்கிய நியூ பிளேஸ். வீடு இல்லை, தோட்டம்தான் இருக்கிறது. பின்னால் அதற்குச் சொந்தக்காரரான பாதிரியார் காஸ்ட்ரெல், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் முதலில் ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை மரத்தை வெட்டினார், அப்புறம் வரித் தகராறும் சேர, 1759-இல் வீட்டையே இடித்துவிட்டார். எங்களைப் போன்றவர்களால் வந்த வினை! அதற்கு எதிரே கில்டு சேப்பல் என்ற சிறு தேவாலயம், ஒட்டினாற்போல அவர் படித்ததாகச் சொல்லப்படும் பள்ளிக்கூடம். அப்புறம் ஆற்றங்கரையில் ஹோலி டிரினிட்டி தேவாலயம்.

உங்கள் வழிகாட்டி ஷேக்ஸ்பியர் பிறந்தது ஏப்ரல் 23 என்று அடித்துச் சொன்னார். எழுத்தில் இருப்பது 1564 ஏப்ரல் 26 அன்று இந்த ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நடந்த ஞானஸ்நானம் மட்டும்தான். 1616-இல் அடக்கம் செய்ததும் இங்கேயே. பீடத்துக்கு முன்னால் தரையோடு தரையாகக் கல்; அதில் பெயர்கூட இல்லை. என் எலும்புகளை அசைப்பவன் சபிக்கப்படுவான் என்று நாலு வரி, அவ்வளவுதான். பக்கத்தில் மனைவி ஆன், அதே வரிசையில் மகள் சுசன்னா, மருமகன். என் கணவர் பள்ளியில் மனப்பாடம் செய்த, 'ஜூலியஸ் சீசர்' நாடகத்து ஆண்டனியின் சொற்பொழிவை முணுமுணுக்க ஆரம்பித்தார். பாதியில் மறந்துபோய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது சங்கிலிப் படகில் ஏவன் ஆற்றைக் கடந்தோம். 1937-இல் கட்டியது, மோட்டார் கிடையாது. படகுக்காரர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, தண்ணீருக்கடியிலிருந்து ஈரச் சங்கிலி ஏறி வந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஹென்லி தெருவில் இறக்கிவிடுங்கள், சரி. ஏற்றிக்கொள்வதை மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் வைத்தால் யாரும் வந்த வழியே திரும்ப வேண்டாம். கூட முக்கால் மணி நேரம் போதும். நிற்காமல் நடந்தால் தேவாலயத்துக்குக் கால் மணிதான், மேடும் கிடையாது. எனக்கே முட்டிவலி உண்டு.

என் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் வருகிற மே மாதம் உங்களில் ஒருவரிடம் பதிவு செய்யப்போகிறார்கள். தேவாலயம் பட்டியலில் உண்டா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். உண்டா?

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருத்தி