‘நமது நிருபர்’ எழுதிய 31 நோட்டுகள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நம் ஜெராக்ஸ் கடையின் பெரிய மெஷின் உங்களுக்குக் கிடைப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்து, காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மன்னிக்க வேண்டும். பொங்கல் வரை இப்படித்தான் இருக்கும். காரணத்தை உங்களிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

அந்த மெஷினில் ஸ்கேன் ஆகிக்கொண்டிருப்பவை 31 நோட்டுகள். நாற்பது வருஷத்துக்கும் மேல் இந்த மாவட்டத்தில் செய்தி சேகரித்தவர், தான் எழுதி அச்சில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்தவை. போன மாதம் அவர் காலமானார். பெயரை இங்கே போடவில்லை. “தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’ என்றுதான் எப்போதும் வந்தார், அதுவே இருக்கட்டும்” என்று அம்மா, அதாவது அவர் மனைவி, கேட்டுக்கொண்டார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் கடைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியும். நுழைந்ததும் இடது கைப்பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

அவர் பகுதி நேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கெழுதி, வெட்டிய துண்டையும் சேர்த்து ஆபீசுக்கு அனுப்பினால்தான் காசு. அதனால் தினமும் இரண்டு பேப்பர் வாங்குவார். ஒன்று பில்லுக்கு, இன்னொன்று நோட்டுக்கு. அந்த இரண்டாவது பேப்பரின் காசை அவர் யாரிடமும் கேட்டதில்லை. இன்று நம் கையில் இத்தனை நோட்டு இருப்பது அந்தக் காசால்தான்.

முதல் நோட்டுகளைப் பிரித்தால் ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 1989-இல் பிரியும் வரை அதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். செய்தியைக் கையால் எழுதி, கவரில் போட்டு, சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் ஆள் வந்து வாங்கினாரா என்று தெரியும் வரை தூங்க மாட்டாராம். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து வேலூர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பி வந்த செய்தியும் அப்படிப் போன கவர்தான். அப்புறம் ஃபேக்ஸ் வந்தது. அப்பா காலத்தில் எங்கள் கடையிலிருந்துதான் அனுப்புவார். 1995 ஆகஸ்ட்டில் கோட்டைச் சிறையிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியபோது ஃபேக்ஸ் தாள் உருளை தீர்ந்துபோய் அப்பா சைக்கிளில் ஓடியது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் கதை.

அவர் பெரிதாக நினைத்தது அந்தச் செய்தியை அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்டதை விடாமல் எழுதினார். ஒரு நோட்டின் நடுவில் அச்சடித்த துண்டு எதுவும் ஒட்டாத ஒரு தாள் இருக்கிறது. வாணியம்பாடி பக்கத்துக் கிராமத்துக் கிணற்றில் நனைத்துக் காய வைத்தது. புளிக்கரைசல் நிறத்தில் விளிம்பு சுருங்கி, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கீழே பென்சிலில் “குடிக்கும் தண்ணீர்” என்று இரண்டே சொல். 1996 ஆகஸ்ட் 28-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தச் செய்தியை அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். வேறு எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை ஆனால் ஸ்டூலை விட்டு எழ மாட்டார். கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனுவை ஜெராக்ஸ் எடுக்க வருபவர்களிடம், “படிக்கலாமா அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். படித்ததும் எழுதிவிட மாட்டார். ஒருமுறை அணைக்கட்டுப் பக்கத்து நிலத் தகராறு. மனு கொடுத்தவர் கடையிலேயே அழுதார். எங்களுக்கே ரத்தம் கொதித்தது. இவர் மறுநாள் பஸ் ஏறிப் போய் எதிர்த்தரப்பையும் பார்த்துவிட்டு வந்து, எழுதி வைத்திருந்த நாலு பக்கத்தையும் இங்கேயே கிழித்துப் போட்டார். “ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதினால் அது இன்னொரு மனு தம்பி, செய்தி இல்லை” என்றார். அவரிடம் நான் பார்த்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கிழித்துப் போட்ட நாள்தான்.

வேலை மெதுவாகப் போவதற்கும் காரணம் உண்டு. செய்தித்தாள் மரக்கூழில் செய்த மலிவான தாள். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், வருஷம் போனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தாளைத் தானாக உள்ளே இழுக்கும் ஃபீடரில் விட முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடி மேல் கையால் வைக்க வேண்டும். பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்கத் துண்டுக்குப் பின்னால் கறுப்புத் தாள் கொடுக்கிறோம். துருப்பிடித்த பின்களை எடுப்பதற்கே பாதி நேரம் போகிறது. உங்கள் வீட்டிலும் பழைய பேப்பர் துண்டு இருந்தால் ஒன்று சொல்கிறேன்: லேமினேஷன் போட வேண்டாம். நாங்களே அதைச் செய்து பிழைப்பவர்கள்தான், ஆனாலும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. காப்பி எடுத்துக்கொண்டு, அசலை வெயில் படாத இடத்தில் கவரில் வைத்தால் போதும்.

அவர் எழுதிய செய்தி யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். மூன்று நோட்டில் பக்கங்கள் கரையான் அரித்துப் போயிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், ஏரி, பாலம் பற்றி வந்த சின்னத் துண்டாக இருந்தாலும் சரி. உங்கள் எதிரிலேயே ஸ்கேன் எடுத்து, கையோடு திருப்பித் தருகிறோம். காசு வேண்டாம்.

நவம்பர் 16 தேசியப் பத்திரிகை நாள். 1966-இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் செயல்படத் தொடங்கிய தேதி அது. அன்று காலை 10 மணி முதல் நோட்டுகளைக் கடைக்குள் மேசை மேல் வைக்கிறோம். வந்து பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

மதிய நேர அவசரப் பிரிண்டுக்குச் சின்ன மெஷின் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மட்டும் ஸ்கேன் வேலை கிடையாது. மனு கொண்டு வருபவர்களுக்காக இரண்டு மெஷினும் ஓடும். ஸ்டூலும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. நிற்க முடியாத பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஜெராக்ஸ் கடையார்,
சத்துவாச்சாரி, வேலூர்