ஒரு பக்க மூக்கடைப்பா? உடனே கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைனஸ் அழற்சி பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்கும். ஒரே பக்கம் விடாத அடைப்பு, அதே பக்கம் ரத்தம் கலந்த சளி என்றால் மூக்கு, சைனஸ் புற்றுநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் மரத்துப்போவது, கண் பிதுங்குவது, மேல் கடைவாய்ப்பல் காரணமின்றி ஆடுவது ஆகியவை கட்டி சைனஸைத் தாண்டியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். பல்லைப் பிடுங்கிவிட்டு, குழி ஆறாமல் சதை வளர்ந்த பிறகு வருவோரும் உண்டு.

மூன்று வார மருந்துக்கும் அடைப்பு விலகாவிட்டால் நாசி எண்டோஸ்கோபி (மூக்கினுள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்ய வேண்டும். கட்டி தெரிந்தால் முதலில் ஸ்கேன், பிறகுதான் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). பாலிப் (மூக்கினுள் வளரும் சாதாரணச் சதை) போலத் தொங்குவது சில சமயம் கீழிறங்கிய மூளையுறையாகவே இருக்கும். அவசரப்பட்டுக் கிள்ளினால் மூளைநீர் கசியும். எலும்பு அரிப்பை சி.டி. காட்டும்; தேங்கிய சளி எது, கட்டி எது என்று பிரித்துச் சொல்வது எம்.ஆர்.ஐ.தான். சாதாரண பாலிப் என்று எடுத்ததையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது பெருந்தவறு.

இப்புற்றுநோயின் பெரும்பாலான வகைகளுக்கு முதலில் அறுவை சிகிச்சை, புண் ஆறியதும் சுமார் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு (வழக்கமாக மொத்தம் 60 முதல் 66 கிரே என்னும் கதிர்வீச்சு அளவு, 30 முதல் 33 தவணைகளில்). வேகமாகப் பரவும் சில வகைகளுக்குக் கீமோதான் முதலில். எனவே செல்வகை தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது.

மரத்தூள் இந்நோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதிப்பு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே தச்சுப் பட்டறையை விட்டு விலகியவரிடமும் பழைய தொழிலைக் கேட்டுக் குறிக்க வேண்டும். இழைக்கும் இயந்திரத்திலேயே தூள் உறிஞ்சி பொருத்துவது முதல் வேலை. மூக்கில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சிலர்,
மதுரை