கோரிக்கை மனு: மகளிர் குழுக்களின் நலப் பட்டியலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டுதல்

நாள்: செப்டம்பர் 2025

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழுக்கள்,
ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் கூட்டுக் கூட்டம் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். போன வருடம் ஆடிக் கடைசியில், மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கும் களத்தில் எங்கள் ஊரையே கோலமாவில் வரைந்தோம். தெரு, குளம், ரேஷன் கடை, அங்கன்வாடி எல்லாம் அதில் வந்தது. தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டுக்கு ஒரு காய்ந்த மிளகாய், எடை குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு பூ வைக்கச் சொன்னார் கிராம செவிலியர். வைத்து முடித்துப் பார்த்தால் மூன்றும் கிழக்குத் தெருக் கோடியிலேயே குவிந்து கிடந்தன. அங்கிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு வர ஓடையைத் தாண்ட வேண்டும். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர்.

அந்த வீடுகள் யாருக்கும் தெரியாதவை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் நோட்டில் இருந்தன, அங்கன்வாடி டீச்சர் நோட்டிலும் இருந்தன, எங்கள் குழு நோட்டிலும் இருந்தன. ஆனால் மூன்று நோட்டும் ஒரே இடத்தில் விரிந்தது அன்றைக்குத்தான்.

அன்றே உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஓடைக்கு ஒரு நடைபாலம், அங்கன்வாடிக்குக் குழாய், கிழக்குத் தெருவிலேயே மாதம் ஒரு நாள் பரிசோதனை. இதையே கிராம வறுமை குறைப்புத் திட்டமாக எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்தோம். வாங்கி வைத்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் பேவர் பிளாக் சாலை ஏறியது. எங்கள் பட்டியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கொடுத்தது என்ன ஆனது, ஏன் எடுக்கவில்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லாததுதான் எங்களுக்கு வலிக்கிறது.

மகளிர் குழுக்கள் தயாரிக்கும் திட்டம் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோடு சேர வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 15வது நிதிக்குழு சொன்னபடி மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அங்கன்வாடிக் குழாய் அதில் வராதா ஐயா? பிள்ளைகளுக்குச் சமைக்க ஆயா இன்னும் எதிர்வீட்டிலிருந்துதான் குடம் தூக்குகிறார்.

2025 ஜனவரியோடு ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது பொறுப்பில் இருக்கும் தனி அலுவலருக்கு ஒன்றியம் முழுக்க வேலை. வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்ட வழியும் அடைபட்டுவிட்டது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் தாங்கள்தான். அதனால் நேராகத் தங்களிடமே வந்திருக்கிறோம்.

கிராம சபைக்கு முன்னால் ஒரு நாள், தனி அலுவலர், ஊராட்சி செயலர், கிராம செவிலியர், அங்கன்வாடி டீச்சர், பள்ளித் தலைமையாசிரியர், எங்கள் கூட்டமைப்பு எல்லாரும் ஒன்றாக உட்கார உத்தரவிட வேண்டுகிறோம். எது ஊராட்சி நிதியில் முடியும், எது 100 நாள் வேலையில் வரும், எது சுகாதாரத் துறை செய்ய வேண்டியது என்று அங்கேயே பிரித்துவிடலாம். முடியாததற்குக் காரணத்தை எழுதி, சபையில் வாசிக்கட்டும். கிராம சுகாதாரக் குழுவுக்கு வரும் நிதி எப்படிச் செலவானது என்பதையும் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், கூட்டத்தைச் சாயங்காலம் வைத்தால் நல்லது. பகலில் வைத்தால் கூலிக்குப் போகிற பெண்கள் ஒருவர்கூட வர முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அதே களத்தில் மறுபடி ஊரை வரைகிறோம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: சென்ற ஆண்டுப் பட்டியல், வரைபடத்தின் புகைப்படம்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர்கள்