டிஸ்ப்ளே வராத கணினியும் திருப்பி அனுப்பப்படும் நல்ல பாகங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியைத் தூக்கிப் போடாமல், வேண்டிய பாகங்களை மட்டும் மாற்றிப் புதுப்பித்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் பாகத்தை மாற்றிவிட்டுப் பவர் பட்டனை அழுத்தும்போது விசிறிகள் மட்டும் சுழன்று, திரை இருட்டாகவே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டிலேயே கணினி கோப்பவர்கள் மனம் தளர்வதும், நல்ல பாகங்கள் பழுதானவை என்று திருப்பி அனுப்பப்படுவதும் அந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் (தற்காலிக நினைவகம்) ஏற்கும் மதர்போர்டு, அதற்கான பிராசஸர், இரண்டு ரேம்கள் ஆகியவற்றை வாங்கிப் பழைய கேபினட்டில் பொருத்தினேன். டிஸ்ப்ளே வரவில்லை. மதர்போர்டின் ஓரத்தில், குண்டூசித் தலை அளவில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மின்சாரத்தை நிறுத்தினேன். ரேமைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடியும் ஒரு நிமிடத்தில் நிறுத்தினேன். இரண்டு இரவுகள் இப்படியே கழிந்தன. ரேம் பழுது என்று தீர்மானித்து, திருப்பி அனுப்புவதற்காக அதைப் பெட்டியில் வைத்து ஒட்டியும்விட்டேன். மூன்றாம் நாள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தபோதுதான், புதிய டிடிஆர்5 ரேமை முதன்முறை இயக்கும்போது மதர்போர்டு அதன் வேகத்துக்கும் நேர அளவுகளுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும் என்பதும், அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரையில் எதுவும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியவந்தன. பெட்டியைப் பிரித்து ரேமை மாட்டி, எதையும் தொடாமல் காத்திருந்தேன். ஏழாவது நிமிடத்தில் மஞ்சள் விளக்கு அணைந்து, திரையில் எழுத்துகள் வந்தன. பழுது எதிலும் இல்லை; ஒவ்வொரு முறையும் அந்த வேலையை நடுவில் அறுத்து, தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பியது என் அவசரம்தான்.

அந்த மஞ்சள் விளக்கு வீணாக எரியவில்லை. இப்போது வரும் பல மதர்போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் (டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்குவது) ஆகிய நான்குக்கும் தனித்தனி விளக்குகள் உள்ளன. கணினி விழித்தெழும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நின்றுவிடுகிறதோ அந்த இடத்தில் சோதனை தடைபட்டிருக்கிறது என்று பொருள். விளக்கு இல்லாத பழைய மதர்போர்டுகளில் சிறு ஸ்பீக்கரை இணைத்தால் பீப் ஒலிகளால் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது, மதர்போர்டில் பதிந்திருந்து கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பயாஸ் மாறும் என்பதால் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

பிராசஸரை மட்டும் மாற்றியவர்களுக்கு நேரும் சிக்கல் வேறு. சாக்கெட்டில் பொருந்தினால் வேலை செய்யும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஏஎம்டி நிறுவனத்தின், 2017-இல் வந்த முதல் ரைசன் பிராசஸர்களும் 2020-இல் வந்த ரைசன் 5000 வரிசையும் ஒரே ஏஎம்4 சாக்கெட்டில் அமர்ந்தாலும், பழைய பயாஸ் உள்ள மதர்போர்டு புதியதை அடையாளம் காணாது. பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டி, பயாஸைப் புதுப்பித்த பின்பே புதியதை வைக்க வேண்டும். ஆகவே புதியது ஓடும்வரை பழையதை விற்றுவிட வேண்டாம். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் பயாஸை ஏற்றும் வசதி சில மதர்போர்டுகளில் உண்டு. அதற்குப் பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையிலும், கோப்பின் பெயர் கையேட்டில் சொன்னபடியும் இருக்க வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டிலோ, 6, 7-ஆம் தலைமுறைகளுக்கென வந்த மதர்போர்டுகளை எந்த அதிகாரபூர்வப் பயாஸும் 8-ஆம் தலைமுறைக்கு ஏற்றதாக ஆக்கவில்லை. எந்தப் பிராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்பதை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தின் அட்டவணையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. பெட்டியின் மேலேயே கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மற்றவை பெரும்பாலும் கண்பார்வையில் தீர்ந்துவிடும். பிராசஸருக்கு அருகிலுள்ள 8-பின் மின்கம்பியை மாட்ட மறப்பதும், கிராபிக்ஸ் கார்டு வைத்த பிறகும் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே விட்டுவிடுவதும் சாதாரணமாக நடப்பவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பிகளைத் தனியாகக் கழற்றக்கூடிய எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மாற்றும்போது, பழையதன் கம்பிகளைப் புதியதில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கமுள்ள முனைக்குப் பொதுவான விதி கிடையாது. முனை கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்டு டிஸ்க் எரிந்துபோனால், அதிலிருந்த குடும்பப் படங்களை எந்த வாரண்டியும் மீட்டுத் தராது.

இவை எதிலும் குறை தெரியாவிட்டால், மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், அதன் விசிறி, கையேடு சொல்லும் இடத்தில் ஒரே ஒரு ரேம் ஆகியவற்றோடு மட்டும் இயக்கிப் பார்க்கலாம். பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியே ஓடுவது கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால், மதர்போர்டின் அடியில் தேவையற்ற இடத்தில் நிற்கும் பித்தளைக் கால் ஒன்று ஷார்ட் ஆக்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிஆர்2032 மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துப் பயாஸ் அமைப்புகளை அழிப்பதும் பல நேரங்களில் உதவுகிறது. ஆனால் டிஸ்க் தொடர்பான அமைப்புகளும் அதோடு மாறிவிடக்கூடும் என்பதால், டிஸ்ப்ளே வந்த பிறகு விண்டோஸ் எழவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். அமைப்பை முன்பிருந்தபடி மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டு போட்டிருப்பவர்கள் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைப் பாகத்தை மாற்றும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, இந்தச் சோதனைகளின் வரிசையைக் கேபினட்டின் உட்பக்கத்தில் வெட்டி ஒட்டக்கூடிய அளவில் ஒரு சிறு கட்டமாகத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்