அப்பாவின் கொம்பியூட்டரை இப்போதைக்குத் தொடாதே

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது பெரிய சந்தோசம், அம்மாவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லு. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது, பின்னேரம்தான் ஆட்கள் வருகிறார்கள். மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கடைசி நாலு வரியில் போகிற போக்கில் எழுதியிருந்த விசயத்துக்காகத்தான் இவ்வளவு அவசரமாகப் பதில் எழுதுகிறேன். அப்பாவின் கொம்பியூட்டரை ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் டெஸ்க்டொப் வருவதில்லை, இடையில் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது, போர்மட் அடித்தால் பறக்கும் என்று கடையில் சொல்கிறார்கள், அடிக்கவா என்று கேட்டிருந்தாய். அடிக்காதே, அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்பா கொப்பி கொப்பியாக வைத்திருந்த கூத்துப் பாட்டையெல்லாம் இரவிரவாக இரண்டு விரலால் தட்டி ஏற்றியது அதற்குள்தானே இருக்கிறது? உங்கள் ஊரில் களரி (கூத்து மேடை) கட்டி வடமோடிக் கூத்து ஆடின இரவு, விடியும்வரை அவர் மத்தளத்தோடு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பாட்டெல்லாம் வேறெங்கும் இல்லை என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் பழைய மெசினும் விண்டோஸ் 7 தான். மெதுவானதும் நானும் எல்லோரும் சொன்னதைச் செய்தேன், எம்எஸ்கொன்பிக் என்ற விண்டோஸ் செட்டிங் பெட்டியைத் திறந்து, மெசின் திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்குகிற புரோகிராம்களின் பட்டியலான ஸ்டார்ட்அப்பில் இருந்ததையெல்லாம் டிக் எடுத்துவிட்டேன், கொஞ்சம் கெதியானது, சந்தோசப்பட்டேன். மூன்று மாதத்தில் ஒருநாள் காலை ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை. மகளின் முதலாவது பிறந்தநாள் போட்டோக்கள் அதோடு போய்விட்டன. டிஸ்க் பழுதாகிக்கொண்டு வந்ததால்தான் மெசின் மெதுவாகியிருக்கிறது, நான் அதை வேகப்படுத்துகிற வேலையாக மட்டும் பார்த்திருக்கிறேன். பழுதான இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும், அதுவரைக்கும் விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும், நமக்கு அது வெறும் தாமதமாகத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மெசினில் நடப்பதை விண்டோஸ் எழுதி வைக்கிற லொக்குகளை, அதாவது பதிவேடுகளை, காட்டுகிற ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. அதில் சிஸ்டம் லொக்கில் டிஸ்க் என்ற பெயரோடு 7 ஆம் இலக்கப் பதிவு இருந்தால் டிஸ்க்கில் பழுதான இடம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு பக்கம் டயக்னொஸ்டிக்ஸ் பர்போமன்ஸ் என்று ஒரு லொக், அதில் 100 ஆம் இலக்கப் பதிவில் ஒவ்வொரு முறையும் மெசின் திறக்க எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும், எந்த புரோகிராம் வழமையை விட இழுத்தடித்தது என்பது 101 இல் இருக்கும். இரண்டாவது மெசின் (அதுவும் விண்டோஸ் 7, 320 ஜிபி டிஸ்க்) மெதுவானபோது இதைத்தான் முதலில் பார்த்தேன், 212 செக்கன், அதாவது மூன்றரை நிமிடம். டிஸ்க் பழுதில்லை. உள்ளே இரண்டு அன்டிவைரஸ் இருந்தது, ஒன்று காலாவதியாகி வருசக்கணக்கு, அது போகவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை, மற்றதோடு இழுபறிப்பட்டுக்கொண்டு கிடந்தது. அதை முறையாக அகற்றி, பிரின்டரோடும் போனோடும் வந்து குந்தியிருந்த சாமான்களையும் ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்ததும் 140 ஆனது. பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் போட்டபோது 35.

அந்தக் கடைசி இறக்கம் ஏனென்றால், பழைய டிஸ்க்கில் ஊசி மாதிரி ஒரு முனை ஓடி ஓடித்தான் வாசிக்க வேண்டும், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய் எடுக்க 10 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும், விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்குமிங்குமாக எடுக்கிறது. எஸ்எஸ்டியில் ஓடுகிற உறுப்பே இல்லை. பழைய மதர்போர்டில் டிஸ்க்கைக் கொழுவுகிற இணைப்பு வேகம் குறைந்த சாட்டா 2 ஆகத்தான் இருக்கும், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, ஆனாலும் திறக்கிற நேரத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ப்ரீபெட்ச் போல்டரை அழி, எம்எஸ்கொன்பிக்கில் புரோசசர் எண்ணிக்கையைக் கூட்டு என்றெல்லாம் உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ப்ரீபெட்ச் என்பது எதை எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும் என்று விண்டோஸ் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு, அழித்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். புரோசசர் எல்லாவற்றையும் விண்டோஸ் எப்படியும் பாவிக்கிறது, அந்தப் பெட்டி குறைப்பதற்கு மட்டும்தான். இவற்றைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை, அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உன்னுடைய மெசினில் டிக் டிக் சத்தம் கேட்கிறது என்பதுதான் எனக்குப் பயம். அதனால் ஈவன்ட் வியூவர் பார்க்கவென்று கூட அதை இனி ஓன் பண்ண வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விண்டோஸ் அந்த டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கும். டிஸ்க்கில் பிழை தேடுகிற செக் டிஸ்க்கை ஓட விடவும் கூடாது, மணித்தியாலக் கணக்கில் முழு டிஸ்க்கையும் வாசிக்க வைத்தால் மிச்சமிருக்கிற உயிரும் அதிலேயே போய்விடும். ப்ளக்கைக் கழற்றி வை. நான் வந்து டிஸ்க்கை வெளியே எடுத்து, யூஎஸ்பி அடப்டரில் போட்டு என் லெப்டொப்பில் கொழுவி, முதலில் அப்பாவின் போல்டரை இரண்டு இடத்தில் கொப்பி எடுக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் பொன்ட்டின் (எழுத்துருவின்) பைலையும் சேர்த்து எடுக்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அப்பா எல்லாம் பாமினியில்தான் அடித்திருப்பார், அந்த பொன்ட் இல்லாத மெசினில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பிக் கிடக்கும், பிள்ளைகள் பார்த்துவிட்டுப் பைல் பழுதென்று அழித்துவிடுவார்கள். பிறகு ஆறுதலாக, எந்த மெசினிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடுக்கு மாற்றுவோம்.

அது முடிந்த பிறகுதான் வேகம். புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 7 ஐயே திரும்ப ஏற்றலாம், அப்பா வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தாய், அது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் இன்டர்நெட் கொடுக்கக் கூடாது. மைக்ரோசொப்ட் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரி 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. எழுதவும் வாசிக்கவும் மட்டும் பாவிக்கட்டும்.

ஓன் பண்ணும்போது அப்பா எப்போதும் எப்1 அழுத்துவார், திகதியும் பிழையாகக் காட்டும் என்று முன்பு சொன்ன ஞாபகம். அது மதர்போர்டில் இருக்கிற சின்னப் பட்டரி இறங்கிவிட்டதால் வருகிறது, சிஆர்2032 என்று கேள், அக்கரைப்பற்றில் மணிக்கூடு திருத்துகிற கடைகளில் இருக்கும், ஒன்று வாங்கி வை.

வருகிற சனிக்கிழமை காலை பொத்துவில் பஸ்ஸில் வந்து தம்பிலுவிலில் இறங்குகிறேன், பத்து மணிக்குள் வந்துவிடுவேன். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும், தூசு தட்ட நல்ல காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்து வை. அப்பாவின் கொப்பிகள் பெட்டிக்குள் இருந்தால் அவற்றையும் வெளியே எடு, கறையான் பிடித்திருக்கிறதா என்று பார். ரைப் செய்தது எதுவரைக்கும் வந்திருக்கிறது, எந்தக் கொப்பி மிச்சம் என்று அன்றைக்கே ஒத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்
கல்லடி